கரி என்றொரு மெக்கானிக்

நெய்வேலியில் "கரி" என்று சொன்னால் எல்லோருக்கும் ஒன்றுதான் நினைவுக்கு வரும். மண்ணுக்கு அடியில் கிடக்கும் பழுப்பு நிலக்கரி. ஜம்புலிங்க முதலியார் 1930களில் தன் நிலத்தில் கிணறு தோண்டும்போது கிடைத்த அந்தக் கறுப்புப் பொருள்தான் இந்த ஊருக்கே சோறு போடுகிறது. அதே சொல்லை கோயம்புத்தூரில் ரேஸ் பைத்தியம் பிடித்த யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். அவருக்கு நினைவு வருவது ஒரு மனிதர். எஸ். கரிவரதன். எல்லோரும் சுருக்கமாகக் கூப்பிட்டது "கரி".

(அவர் பெயரில் இருக்கும் கரி நிலக்கரி இல்லை, யானை. முதலை வாயில் சிக்கிய யானைக்கு வரம் தந்த பெருமாள் கரிவரதன். கொங்கு நாட்டில் அந்தப் பெயரில் பெருமாள் கோயிலும் உண்டு.)

1995இல் ஒரு விமான விபத்தில் இறந்துபோனார். அப்போது நாற்பதுகளின் தொடக்கத்தில்தான் இருந்தார். இன்று அவர் பெயரில் ஒரு ரேஸ் டிராக் இருக்கிறது. ஆனால் அவர் என்ன செய்தார் என்று கேட்டால், "ஏதோ பெரிய ரேஸ் டிரைவர் போல" என்பதுதான் பலருடைய பதில். கரிவரதன் கார் ஓட்டினார், நன்றாகவே ஓட்டினார். ஆனால் அவரை நினைக்க வேண்டியது ஸ்டீயரிங் பிடித்ததற்காக இல்லை, கையில் ஸ்பேனர் பிடித்ததற்காக.

ரேஸில் ஒரு விசித்திரமான அநியாயம் உண்டு. கோப்பையை வாங்குவது ஓட்டியவர், பேப்பரில் படம் வருவதும் அவருக்குத்தான். அந்த வண்டியை ராத்திரி முழுக்கப் பிரித்துப் போட்டு மறுபடி பூட்டிய ஆள், படத்தின் ஓரத்தில் பாதி தோளாகத் தெரிந்தால் பெரிய விஷயம். கிரிக்கெட்டில் பேட் செய்தவர் யார் என்று யாரும் கேட்பதில்லை, அது வேறு. ஆனால் ரேஸில் பேட்தான் பாதி ஆட்டம் ஆடுகிறது!

இந்த அநியாயம் அப்பட்டமாகத் தெரிவது டிராக் ரேஸில். வளைவு கிடையாது, முந்துகிற சாமர்த்தியம் கிடையாது. இரண்டு வண்டி, ஒரு நேர்கோடு, கால் மைல் தூரம். அதாவது 402 மீட்டர். பச்சை விளக்கு எரிந்ததும் கிளம்ப வேண்டும், முதலில் கோட்டைத் தாண்டுபவர் வென்றார். ஓட்டுபவர் செய்யக்கூடியது கொஞ்சம்தான்: சரியான நொடியில் கிளட்சை விடுவது, சரியான இடத்தில் கியர் மாற்றுவது, பயப்படாமல் நேராகப் பிடிப்பது. மிச்சம் எல்லாம் வண்டி புறப்படுவதற்கு முன்பே பட்டறையில் முடிந்துவிட்ட விஷயம். டிராக் ரேஸ் என்பது ஒரு மெக்கானிக் எழுதிய பரீட்சைக்கு, ஓட்டுநர் போய் ரிசல்ட் வாங்கிக்கொண்டு வருவது மாதிரி.

அமெரிக்காவில் டேல் ஆர்ம்ஸ்ட்ராங் என்று ஒருவர் இருந்தார். கனடாவில் பிறந்தவர். முதலில் அவரே டிராக் ரேஸ் ஓட்டி, 1975இல் தேசிய சாம்பியன் பட்டமும் வாங்கினார். பிறகு 1980களில் ஓட்டுவதை விட்டுவிட்டு, கென்னி பெர்ன்ஸ்டைன் என்ற ஓட்டுநருக்குத் தலைமை மெக்கானிக் ஆனார். 1985 முதல் 1988 வரை தொடர்ந்து நான்கு வருடம் பெர்ன்ஸ்டைன் சாம்பியன். 1992 மார்ச் 20 அன்று ஃப்ளோரிடாவின் கெயின்ஸ்வில் என்ற ஊரில், பெர்ன்ஸ்டைன் ஓட்டிய வண்டி மணிக்கு 301.70 மைல் வேகத்தைத் தொட்டது. நம் கணக்கில் சுமார் 485 கிலோமீட்டர். கால் மைலுக்குள் 300 மைல் வேகத்தைத் தாண்டிய முதல் வண்டி அது. அந்தச் சாதனை யார் பெயரில் இருக்கிறது? பெர்ன்ஸ்டைன் பெயரில். ஆர்ம்ஸ்ட்ராங் 2014 நவம்பரில் இறந்தார்.

அவர் செய்தது சாதாரண வேலை இல்லை. அந்த வகை வண்டிகளின் எஞ்சினில் பெட்ரோல் ஊற்றுவதில்லை, நைட்ரோமீத்தேன். ஓடும்போதே ஸ்பார்க் பிளக்கின் முனை எரிந்துபோகும். அதற்குப் பிறகு எரிபொருள் உள்ளே இருக்கும் சூட்டில் தானாகவே வெடித்து எஞ்சின் ஓடும். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் எஞ்சினை மொத்தமாகப் பிரித்துப் போட்டு, கெட்டதை மாற்றி, அடுத்த சுற்றுக்கு முன் பூட்டியாக வேண்டும். காதையும் மூக்கையும் நம்பித்தான் அதுவரை மெக்கானிக்குகள் வேலை பார்த்தார்கள். வண்டிக்குள் நடப்பதைப் பதிவு செய்யும் கம்ப்யூட்டரை வைத்துப் பார்க்கலாம் என்று ஆரம்பித்தவர்களில் ஆர்ம்ஸ்ட்ராங் முக்கியமானவர். ஓட்டத்துக்கு 5 நொடிதான். அந்த 5 நொடியை மாதக்கணக்கில் உட்கார்ந்து படித்தார்.

சரி, இதற்கும் நம் ஊர் கரிக்கும் என்ன சம்பந்தம்? சம்பந்தம் ஓடுதளத்தில் இருக்கிறது.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் உலகம் முழுக்க நிறைய விமான ஓடுதளங்கள் சும்மா கிடந்தன. நேரான, அகலமான, கெட்டியான தரை. விமானம் வராத இடத்தில் வேறு என்ன வரும்? வாலிபப் பையன்கள் வருவார்கள்! கலிஃபோர்னியாவில் வறண்ட ஏரிப் படுகைகளிலும் தெருக்களிலும் ஓட்டிக்கொண்டிருந்தவர்கள் ஓடுதளத்துக்கு வந்தார்கள். 1950இல் சாண்டா ஆனா என்ற ஊரின் விமான நிலைய ஓடுதளத்தில் முறையாக டிக்கெட் வாங்கி டிராக் ரேஸ் நடத்த ஆரம்பித்தார்கள். அடுத்த வருடமே, 1951இல், வாலி பார்க்ஸ் என்பவர் தேசிய ஹாட் ராட் சங்கத்தைத் தொடங்கினார். தெருவில் அடித்துக்கொண்டு சாகாமல் இருக்க, ஒரு இடம், ஒரு விதி, ஒரு ஆம்புலன்ஸ். அவ்வளவுதான் ஆரம்பத்து யோசனை.

அதே நேரத்தில் மெட்ராஸிலும் அதே கதை நடந்தது. நகரத்துக்கு வடக்கே, செங்குன்றத்தைத் தாண்டி, கல்கத்தா நெடுஞ்சாலையில் சோழவரம். அங்கே போர்க் காலத்து விமான ஓடுதளம் ஒன்று இருந்தது. 1953இல் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் உருவானது. சில வருடங்களில் சோழவரம் தென்னிந்தியாவின் ரேஸ் தலைநகரம் ஆகிவிட்டது. ஆங்கில எழுத்து "டி" மாதிரி ஒன்றையொன்று தொடும் ஓடுதளங்கள், அவற்றையே சுற்றுப் பாதையாக்கினார்கள். பம்பாயில் ஜுஹு, கல்கத்தாவில் பாரக்பூர் என்று மற்ற ஊர்களிலும் ஓடுதளங்களில்தான் ரேஸ் நடந்தது. ஆனால் சோழவரத்துக்கு வந்த கூட்டம் வேறு எங்கும் வரவில்லை என்று பழைய ஆட்கள் இன்றும் மார்தட்டுவார்கள். வெயில் ஏறுவதற்கு முன்பான பிப்ரவரி மாதத்தில் அந்த வட்டாரத்தில் ரேஸ் ஒரு திருவிழா.

(நெய்வேலியிலும் ஓர் ஓடுதளம் இருக்கிறது. வாயுதூத் விமானம் வந்து போன காலம் ஒன்று உண்டு. பிறகு பெரும்பாலும் அமைதிதான். அங்கே ரேஸ் நடத்தலாமே என்று ஹாஸ்டல் மொட்டை மாடியில் திட்டம் போடாத செட் எந்தக் காலேஜிலும் இருந்திருக்காது. திட்டம் மாடியோடு முடிந்துவிடும்!)

சோழவரத்தில் ஓடிய வண்டிகளைப் புரிந்துகொள்ள அந்தக் காலத்துப் பொருளாதாரம் கொஞ்சம் தெரிய வேண்டும். பி.காம். முதல் வருடத்திலேயே வரும் பாடம்தான். லைசென்ஸ், பெர்மிட், கோட்டா. வெளிநாட்டிலிருந்து ரேஸ் கார் கொண்டுவர வேண்டும் என்றால் இறக்குமதி அனுமதி வேண்டும், அது கிடைத்தால் சுங்க வரி கட்ட வேண்டும், அதையும் கட்டினால் அந்நியச் செலாவணி வேண்டும். உள்நாட்டில் கிடைத்த கார்களோ விரல் விட்டு எண்ணக்கூடியவை: அம்பாசடர், ஃபியட், ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. மூன்றுமே கல்யாண வீட்டுக்குப் போவதற்கான வண்டிகள்.

அதனால் சோழவரத்தில் இரண்டு ஜாதி இருந்தது. வாங்கியவர்கள், கட்டியவர்கள். கோண்டல் மகாராஜா, விஜய் மல்லையா போன்றவர்கள் முதல் வகை. மல்லையா 1980களின் தொடக்கத்தில் என்சைன் என்ற நிஜமான ஃபார்முலா ஒன் காரையே கொண்டுவந்து சோழவரத்தில் ஓட்டினார். ஐரோப்பாவில் ஓடி ஓய்ந்த கார்தான், ஆனாலும் ஃபியட்டுகளுக்கு நடுவே அது நுழைந்தால் எப்படி இருந்திருக்கும்! இரண்டாவது வகை ஆட்களிடம் அந்தப் பணம் இல்லை, அல்லது பணம் இருந்தும் வாங்குவதில் ருசி இல்லை. இருக்கிற ஃபியட்டையும் ஹெரால்டையும் அறுத்து, குறைத்து, குடைந்து, வேறொன்றாக மாற்றினார்கள்.

பைக்கிலும் இதேதான். 1983இல் ராஜ்தூத் 350, 1985இல் யமஹா ஆர்எக்ஸ் 100 வந்த பிறகு மெக்கானிக்குகளின் காலம் பிறந்தது என்றே சொல்லலாம். இந்தியாவில் டிராக் ரேஸ் என்றாலே இந்த இரண்டு வண்டியும் இன்றுவரை கூட வருகின்றன. ஏன் என்றால் டூ ஸ்ட்ரோக் எஞ்சின் மெக்கானிக்கின் கைக்கு அப்படி வளைந்து கொடுக்கும். அதில் வால்வு இல்லை. சிலிண்டர் சுவரில் இருக்கும் ஓட்டைகள்தான் வால்வின் வேலையைச் செய்கின்றன. பிஸ்டன் மேலும் கீழும் போகும்போது அந்த ஓட்டைகள் மூடித் திறக்கின்றன. ஆக, ஓட்டையின் உயரத்தையும் வடிவத்தையும் மாற்றினால் எஞ்சினின் குணமே மாறிவிடும். புகை வெளியேறும் ஓட்டையின் மேல் விளிம்பை ஒரு மில்லிமீட்டர் உயர்த்தினால் போதும், மேல் வேகத்தில் வண்டி பறக்கும். ஆனால் கீழ் வேகத்தில் செத்துவிடும். மார்க்கெட்டுக்குப் போய்வர அந்த வண்டி லாயக்கில்லை. கால் மைல் ஓட மட்டும்தான்.

சைலன்சரும் அப்படித்தான். நடுவில் வீங்கி முனையில் குறுகும் அந்தக் குழாயின் வேலை சத்தம் குறைப்பது இல்லை. வெளியே போகும் புகையின் அலை முனையில் மோதித் திரும்பி வந்து, எரியாமல் தப்பித்துப் போகும் பெட்ரோல் கலவையைச் சிலிண்டருக்குள்ளேயே தள்ள வேண்டும். நீளம் கொஞ்சம் பிசகினால் அலை தப்பான நேரத்தில் திரும்பும். புத்தகத்தில் இதற்குச் சூத்திரங்கள் உண்டு. பட்டறையில் பெரும்பாலும் சூத்திரம் இல்லை. வெட்டி, பற்றவைத்து, ஓட்டிப் பார்த்து, மறுபடி வெட்டுவதுதான். ஓடி வந்ததும் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி நிறம் பார்ப்பார்கள். வெள்ளையாக இருந்தால் பெட்ரோல் போதவில்லை, இன்னும் கொஞ்சம் ஓட்டினால் பிஸ்டன் உருகிவிடும். கறுப்பாக இருந்தால் பெட்ரோல் அதிகம். டீ நிறத்தில் இருந்தால் சரி. ஒரு எஞ்சினின் ஜாதகம் அந்தச் சின்னப் பீங்கான் துண்டில் இருக்கிறது.

இதில் உள்ள பெரிய கஷ்டம், ராவி எடுத்த உலோகம் திரும்பி வராது. ஒரு மில்லிமீட்டர் கூடுதலாக ராவிவிட்டால் அந்தச் சிலிண்டர் அவ்வளவுதான். வேறு வாங்க வேண்டும். வாங்கக் காசு வேண்டும். ஒரு நல்ல டியூனர் என்றால் அவருக்குப் பின்னால் ஒரு மூலையில் பாழாய்ப்போன சிலிண்டர்கள் குவிந்து கிடக்கும் என்று அர்த்தம். எழுதி வைக்கிற பழக்கமும் அங்கே இல்லை. எழுதினால் பக்கத்துப் பட்டறைக்காரன் பார்த்துவிடுவான்! அதனால் ஒரு மெக்கானிக் இறந்தால் அவரோடு ஒரு நூலகம் போய்விடுகிறது. சோழவரத்து ஜெயித்தவர்கள் பட்டியல் எங்காவது கிடைக்கும். அந்த வண்டிகளைச் செய்த ஆட்களின் பட்டியல் கிடைக்காது.

நெய்வேலிக்காரர்களுக்கு இது புதுசில்லை. 1957இல் நேரு வந்து சுரங்கத்தைத் தொடங்கி வைத்தார், 1961இல் முதல் கரி வெளியே வந்தது என்று பள்ளிக்கூடத்திலேயே சொல்லித் தந்துவிடுகிறார்கள். ஜெர்மனியிலிருந்து வந்த ராட்சத பக்கெட் வீல் இயந்திரங்களின் படங்கள் ஊரெங்கும் உண்டு. ஆனால் இங்கே கரிக்கு மேலே கிடக்கும் மணற்பாறை அந்த இயந்திரங்களின் பல்லைத் தேய்த்துத் தள்ளியதும், இந்த மண்ணுக்கு ஏற்ற பல்லை உருவாக்க இங்கிருந்தவர்கள் பட்ட பாடும் எந்தப் பாடப் புத்தகத்தில் இருக்கிறது? இயந்திரம் எங்கேயோ செய்யப்பட்டது. அதை இந்த மண்ணில் ஓடவைத்தது இங்கே.

இப்போது கோயம்புத்தூர். கரிவரதன் வேறு ஊரில் பிறந்திருந்தால் என்ன ஆகியிருப்பார் என்று சொல்ல முடியாது, ஆனால் கோயம்புத்தூரில் பிறந்ததால் அவருக்குக் கையெட்டும் தூரத்தில் எல்லாம் இருந்தது. பஞ்சாலைகள் வந்ததால் அவற்றைப் பழுது பார்க்கப் பட்டறைகள் வந்தன. கிணறுகள் ஆழமாகப் போனதால் பம்புகள் வந்தன. பம்பு வந்ததால் ஃபவுண்டரி வந்தது. ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து 1937இல் இந்தியாவின் முதல் மின்மோட்டாரைச் செய்த ஊர் அது. லேத்தில் ஒரு புஷ் கடைந்து தரச் சொன்னால் "எதற்கு" என்று கேட்காமல் "எத்தனை மைக்ரான்" என்று கேட்கும் ஊர்.

கரிவரதன் லட்சுமி மில்ஸ் குடும்பத்தைச் சேர்ந்தவர். பணக்காரர், சந்தேகமே இல்லை. அவர் நினைத்திருந்தால் மல்லையாவைப் போல வெளிநாட்டுக் காரை வாங்கி வந்து ஓட்டியிருக்கலாம். அவர் செய்தது, தானே கார் கட்டியது. குழாய்களை வளைத்துப் பற்றவைத்துச் சட்டகம் செய்து, சஸ்பென்ஷனை வரைந்து, கிடைக்கிற எஞ்சினை அதில் உட்காரவைத்து, அந்தக் காரைத் தானே சோழவரத்துக்கு எடுத்துப்போய் ஓட்டினார். தோற்றால் பழியைப் போட வேறு ஆள் கிடையாது!

ஆனால் தனக்கென்று ஒரு வேகமான கார் கட்டியதோடு நின்றிருந்தால் அவர் இன்னொரு பணக்கார ரேஸ் பிரியர், அவ்வளவுதான். அவரை வரலாற்றில் வைப்பது 1980களின் கடைசியில் அவர் செய்த இன்னொரு வேலை. ஃபார்முலா மாருதி.

1983 டிசம்பரில் மாருதி 800 சந்தைக்கு வந்தது. 796 சிசி, மூன்று சிலிண்டர், நாற்பதுக்கும் குறைவான குதிரைத்திறன். ரேஸ்காரர்கள் பார்த்துச் சிரிக்கக்கூடிய எஞ்சின். கரிவரதன் அதில் வேறொன்றைப் பார்த்தார். அந்த எஞ்சின் ஆயிரக்கணக்கில் வருகிறது. எந்த ஊரிலும் உதிரிப் பாகம் கிடைக்கும். தெருமுனை மெக்கானிக்குக்கும் அதைப் பிரிக்கத் தெரியும். முன் சக்கரத்தை இயக்கும் கார் என்பதால் எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே கட்டியாக, கச்சிதமாக இருக்கிறது. அதை அப்படியே தூக்கி ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் வைத்தால்? மேலே மூடி இல்லாமல், சக்கரங்கள் வெளியே தெரிய, ஒரே ஒரு இருக்கையோடு ஒரு சின்ன ஃபார்முலா கார் ரெடி!

வேகத்தில் அது ஐரோப்பிய கார்களுக்குப் பக்கத்தில்கூட நிற்காது. ஆனால் அது விஷயமே இல்லை. ரேஸில் மிகப் பெரிய செலவு கார் வாங்குவது இல்லை, ஒவ்வொரு வாரமும் அதை ஓட வைப்பது. வெளிநாட்டு கார் என்றால் ஒரு கியர் உடைந்தால் பாகம் வர மாதங்கள் ஆகும், வரியோடு சேர்த்து விலை பல மடங்கு. மாருதி பாகம் என்றால் சாயங்காலம் போய் வாங்கி ராத்திரியில் பூட்டிவிடலாம். அக்கவுண்டன்ஸி வகுப்பில் சொல்வது போல, ஃபிக்ஸட் காஸ்ட் ஒரு முறைதான், வேரியபிள் காஸ்ட்தான் தினமும் கொல்லும். கரிவரதன் அந்த வேரியபிள் காஸ்டை உடைத்தார்.

இரண்டாவது விஷயம் இன்னும் முக்கியம். எல்லோரிடமும் ஏறக்குறைய ஒரே மாதிரி கார் இருந்தால், யார் அப்பா பணக்காரர் என்பது முடிவைத் தீர்மானிக்காது. யார் நன்றாக ஓட்டுகிறார் என்பது தெரிய ஆரம்பிக்கும். அதுவரை இந்தியாவில் ஒரு பதினாறு வயதுப் பையன் நன்றாக ஓட்டுவானா என்று கண்டுபிடிக்க வழியே இல்லை. மகாராஜா ஜெயித்தால் அது மகாராஜாவா, அவர் காரா என்று யார் சொல்வது?

1990இல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில், ரேஸுக்கென்றே கட்டிய புது டிராக் திறந்தது. 3.717 கி.மீ. நீளம். மெட்ராஸ் கிளப் சோழவரத்தை விட்டு அங்கே குடிபெயர்ந்தது. அந்த டிராக்கில் ஒரு ஃபார்முலா மாருதி ரேஸில் கோயம்புத்தூர்ப் பையன் ஒருவன் முதன்முதலாக ஓட்டி, முதல் ரேஸிலேயே பரிசு மேடை ஏறினான். பெயர் நரேன் கார்த்திகேயன். அப்பா ஜி.ஆர். கார்த்திகேயன் தென்னிந்திய ராலியைப் பலமுறை ஜெயித்தவர், ரத்தத்தில் இருந்தது என்று சொல்லலாம்தான். ஆனால் ரத்தத்தில் இருந்து என்ன பயன், உட்கார ஒரு கார் வேண்டாமா? சில வருடங்கள் கழித்து கருண் சந்தோக்கும் ஃபார்முலா மாருதியில் சாம்பியன் ஆகித்தான் வெளிநாடு போனார். இந்தியாவிலிருந்து ஃபார்முலா ஒன் வரை போனவர்கள் இதுவரை இந்த இருவர் மட்டுமே. இருவருமே அந்த 796 சிசி பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள்.

கரிவரதன் இதில் எதையும் முழுதாகப் பார்க்கவில்லை. நரேன் 1996இல் ஃபார்முலா ஏசியா பட்டம் வென்றபோது அவர் இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. 2005 மார்ச் 6 அன்று மெல்போர்னில் ஜோர்டான் காரில் நரேன், ஃபார்முலா ஒன்னில் ஓடிய முதல் இந்தியர் ஆனார். 15ஆவது இடம். அன்று எல்லாப் பேப்பரிலும் நரேன் படம். கரிவரதன் பெயர் வந்த பேப்பர்கள் குறைவு.

2003இல் கோயம்புத்தூர் செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே திறந்தது. சுமார் 2.1 கி.மீ. நீளமுள்ள சின்ன, வளைந்து நெளிந்த டிராக். கட்டியவர் எல்ஜிபி நிறுவனத்தின் பி. விஜயகுமார். இந்தியாவில் ஒரு ரேஸ் டிராக்குக்கு, கார் கட்டிய ஒருவரின் பெயர் வைக்கப்பட்டது பெரிய விஷயம்தான். ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். கரிவரதன் மெக்கானிக்காக மட்டும் இருந்திருந்தால், மில் குடும்பத்தில் பிறக்காமல் காந்திபுரத்தில் ஒரு தகரக் கொட்டகைப் பட்டறைக்காரராக இருந்திருந்தால், அவர் பெயர் அங்கே இருந்திருக்குமா? இருந்திருக்காது. அவரோடு சேர்ந்து அந்தக் குழாய்களைப் பற்றவைத்தவர்கள், எஞ்சினைத் தூக்கி வைத்தவர்கள், இருங்காட்டுக்கோட்டை வெயிலில் குப்புறப் படுத்து நட்டு முடுக்கியவர்கள், இவர்கள் பெயரில் ஒரு வளைவுகூட இல்லை. கரிவரதனை மதிப்பதற்கு இதைச் சொல்லாமல் விட வேண்டியதில்லை. அவருடைய பெருமையே, பணம் இருந்தும் அந்த ஆட்களோடு போய் நின்றதுதான். கையில் கிரீஸ் ஒட்டுகிற வேலையைக் கேவலமாக நினைக்கிற நாட்டில், மில் முதலாளி வீட்டுப் பையன் வெல்டிங் கண்ணாடி போட்டுக்கொண்டு நின்றான் என்பது சின்ன விஷயம் இல்லை.

டிராக் ரேஸ் இப்போது இந்தியாவில் முறையான தேசியப் போட்டி ஆகிவிட்டது. பைக்குகளுக்கான தேசிய டிராக் சாம்பியன்ஷிப் இருங்காட்டுக்கோட்டையில் நடக்கிறது. லட்சக்கணக்கில் விலையுள்ள சூப்பர் பைக்குகள் ஒரு பக்கம், பழைய டூ ஸ்ட்ரோக்குகள் இன்னொரு பக்கம். சூப்பர் பைக்கில் லேப்டாப்பைச் செருகி டியூன் செய்கிறார்கள். டூ ஸ்ட்ரோக்கில் இன்னமும் பிளக்கைக் கழற்றி நிறம்தான் பார்க்கிறார்கள். இதற்கு வெளியே, ராத்திரி நெடுஞ்சாலையில் பந்தயம் கட்டி ஓட்டிச் சாகிற கூட்டமும் இருக்கிறது. 1951இல் கலிஃபோர்னியாவில் எதைத் தடுக்க விதி எழுதினார்களோ அதுவேதான். ஒரு நல்ல டியூனர் தெருப் பந்தயத்துக்கு வண்டி தர மாட்டார் என்பார்கள். தருகிறவர்களும் உண்டு என்பது எல்லோருக்கும் தெரியும்.

கரிவரதனின் வழியில் கார் கட்டும் வேலை கோயம்புத்தூரில் நிற்கவில்லை. ஃபார்முலா மாருதிக்குப் பிறகு எல்ஜிபி பெயரில் ஃபார்முலா கார்கள் வந்தன, கட்டுவதும் அங்கேயேதான். எல்ஜிபி ஃபார்முலா 4 என்ற வகுப்பு செட்டிபாளையத்தில் ஓடுகிறது. புதுப் பையன்கள், இப்போது பெண்களும், அதில்தான் ஆரம்பிக்கிறார்கள். அந்தக் காரின் முதுகில் இருப்பதும் ஒரு மாருதி எஞ்சின்தான். பாகம் உடைந்தால் சாயங்காலம் போய் வாங்கி ராத்திரியில் பூட்டிவிடலாம்.